மாப்பிள்ளைகளின் வேலையை விசாரித்த ஜப்பார் பாய்

2009 டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமை காலை, அப்துல் ஜப்பார் இறந்துவிட்டார் என்று நம் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் நம்பவில்லை. காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சிலும் இதே செய்தி ஒருமுறை வந்தது. நான் பதறிப்போய் அவர் வீட்டுக்குச் சென்றபோது அவரே கதவைத் திறந்தார். "இன்னா சார், நான் மௌத்தா பூட்டேன்னு சொன்னாங்களா? எவன் சொன்னான்? அவன் நேர்ல பார்த்தானா? அதக் கேட்டீங்களா மொதல்ல?" என்று வாசலிலேயே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இறந்தவர் அதே பெயருடைய வேறொருவர். ஆகவே இம்முறை செயலாளரிடம், "நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு ஜப்பார் பாயின் மூத்த மகனை அழைத்தேன். அவர் பேச முடியாமல் அழுதார். அதன் பின்பே நம்பினேன். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவரை அடக்கம் செய்தார்கள்.

டிசம்பர் 13 அன்று சங்கம் நடத்திய இரங்கல் கூட்டத்தில் மூவர் பேசினார்கள். ஒருவர், "எல்லோரையும் நம்பிய வெள்ளை உள்ளம்" என்றார். இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவது மரபு. அதற்காகப் பொய் பேச வேண்டியதில்லை. ஜப்பார் பாய் எவரையும் எளிதில் நம்பியவர் அல்லர். குறிப்பாக, ஒருவர் தமக்கு இன்ன வேலை இருக்கிறது என்று சொன்னால் அதை அவர் நம்பவே மாட்டார். நம் ஊரில் பல பெண்கள் நல்லபடியாகக் குடித்தனம் செய்வதற்கு அந்த நம்பாமையும் ஒரு காரணம். சங்கத்தின் துண்டறிக்கையில் அவர் செங்கற்பட்டுக்கு வந்த ஆண்டு 1989 என்று அச்சாகியிருக்கிறது. அதுவும் பிழை. அவர் கடப்பாக்கத்திலிருந்து இங்கே குடிவந்தது 1991 ஆகஸ்டில். நான் அப்போது அதே தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய தொழில் ஆயுள் காப்பீட்டு முகவர். தோளில் ஒரு ரெக்சின் பை, ஒரு பழைய ஸ்கூட்டர். மறைமலைநகர்த் தொழிற்சாலைகள், கல்பாக்கத்துக் குடியிருப்பு, மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதிகள், மதுராந்தகம் வரையுள்ள அரசு அலுவலகங்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். யாருக்கு என்ன வேலை, அது எத்தனை நாளைக்கு என்பதைத் தெரிந்துகொள்வது அவர் தொழிலுக்கே அடிப்படை. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் அவரைத் தேடி வந்ததில் வியப்பில்லை. ஜாதகம் பொருந்தியபின், தட்டு மாற்றுவதற்கு முன், "பாயை ஒரு நடை அனுப்பிப் பார்த்துவிடுவோம்" என்பது நம் பகுதியில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

இது தொடங்கியது 1992 ஜனவரியில். என் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த ஒருவரின் தங்கைக்கு, மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் 'ஆபீசர்' என்று சொல்லிக்கொண்டு ஒரு வரன் வந்தது. பாய் பாலிசி பேசுகிற சாக்கில் அங்கே போனார். திரும்பி வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "பையன் தங்கம். சுருட்டு, பீடி கெடையாது. வேலைதான் மாப்ளைக்கு ஒத்து வராது. வெள்ளைக்காரன் வர்ற சீசனுக்கு எடுப்பாங்க, வெயில் வந்தா அனுப்பிடுவாங்க." பெண் வீட்டார் ஆளனுப்பி மறுபடி கேட்டார்கள். அப்படித்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றதற்குப் பாய் சொன்ன விளக்கம் பின்னாளில் ஊர் முழுவதும் பரவியது. அந்தப் பையன் பணி முடிந்து புறப்படும்போது ஷூ, சீப்பு, கண்ணாடி, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனானாம்.

"நெலையான வேலைக்காரன் ஆபீசுல எதையாவது வுட்டுட்டுப் போவான் சார். மேசைக்கு அடில ஒரு ஜோடி செருப்பு, ஒரு டம்ளர், ஒரு சாமி படம், சேர் மேல ஒரு துண்டு. நாளைக்கும் வருவோம்னு அவனுக்குத் தெரியும். நாளைக்கு உண்டா இல்லையான்னு தெரியாதவன் எல்லாத்தையும் தூக்கிகினு பூடுவான்."

நான் உடனே என் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தேன். நிரந்தரப் பணியாளர் ஒவ்வொருவர் மேசையடியிலும் செருப்பு இருந்தது. தினக்கூலி எழுத்தர்கள் இருவர் மேசையடியிலும் இல்லை. ஆனாலும் ஒரு விதியை இரண்டு உதாரணங்களை வைத்து ஏற்றுக்கொள்வது என் வழக்கமன்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 1998 மே 31 அன்று நான் ஓய்வு பெற்ற நாள் வரையில் அந்த விதி பொய்க்கவில்லை.

அவர்மீது ஊரில் ஒரு பேச்சும் இருந்தது. அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதுவது முறையாகாது. பாலிசி எடுத்துக்கொள்கிற மாப்பிள்ளைக்குத்தான் பாய் நற்சான்று கொடுக்கிறார் என்பது அந்தப் பேச்சு. 1996 தீபாவளிக்கு மறுநாள், என் வீட்டில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் அதிரசத்தைக் கீழே வைக்கவில்லை.

"சார், வேலை போனவன் பாலிசிய பாதில வுட்ருவான். கமிஷன் போயி கைய சுட்டுக்கிற மொத ஆளு நான்தான். நான் பொய் சொல்லி யார ஏமாத்தணும், என்னையா?"

பதில் ஒழுங்காக இருந்தது. அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தது என்றே அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கேள்வியை வேறு யாரோ முன்பே கேட்டு, அவர் பதிலைத் தயாராக வைத்திருந்திருக்க வேண்டும்.

இனி என் வீட்டு விஷயம். என் மகள் வாசுகி 2003 ஜூனில் பழைய மகாபலிபுரம் சாலையில், கேளம்பாக்கத்துக்கு அப்பால் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அயல்நாட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கணினியில் சரிபார்க்கிற வேலை. அங்கே பகலாக இருக்கும்போது இங்கே இரவு என்பதால் மாலையில் வேன் வந்து அழைத்துப் போகும், காலையில் கொண்டுவந்து விடும். எனக்கு அதில் சம்மதமில்லை. அவளுடைய வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை நாள் தவறாமல் புதுப்பித்து வந்தவன் நான். அரசு வேலைக்கு ஆள் எடுப்பது நின்றுபோயிருந்த அந்த ஆண்டுகளிலும் புதுப்பித்தேன். தெருவினர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் வேன் வருகிற நேரத்தில் எல்லோருக்கும் வாசலில் வேலை வந்துவிடும்.

ஜப்பார் பாய்க்கோ காப்பீடு தம் சொந்தத் தொழிலும்கூட. "அமெரிக்காக்காரன் கார கொண்டுபோய் இடிச்சிகினா, செங்கல்பட்டுப் பொண்ணு ஏம்மா முழிச்சிகினு இருக்கணும்?" என்று அவளிடமே கேட்டார்.

"அவங்க ஊர்ல இதச் செய்ய ஆளுக்கு ரொம்பக் கொடுக்கணும் மாமா. நாங்க கம்மியாச் செய்யறோம்."

"அப்ப ஒன்னவிடக் கம்மியாச் செய்யறவன் எங்கனா இருப்பானே. அவன எப்ப கண்டுபுடிப்பாங்க?"

வாசுகி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

2005 பிப்ரவரியில் கருங்குழியிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் செய்யூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் விரும்பியது இதைத்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் பிள்ளை வீட்டார் அதுவரை நம் பகுதியில் கேள்விப்படாத ஒன்றைச் செய்தார்கள். பெண்ணின் வேலையை விசாரிக்கச் சொன்னார்கள். அதற்கும் ஜப்பார் பாயையே பிடித்தார்கள்.

அவர் நேராக என்னிடம் வந்தார். "சார், உங்க வூட்டையே விசாரிக்கச் சொல்ட்டாங்க. இன்னா பண்றது?"

"வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றேன்.

"வேற எவனயாவது அனுப்புனா அவன் பத்து டீ குடிச்சிட்டு பத்து கதை சொல்வான். நானே போறேன். ஆனா தெரிஞ்ச வூடுன்னு ஒரு சொல்லுகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். அப்புறம் என்மேல கோவப்படக் கூடாது."

"நானும் வருகிறேன்" என்றேன். என் மகளைப் பற்றிய விசாரணையில் அவரைத் தனியே அனுப்பும் அளவுக்கு அவரை நான் நம்பவில்லை.

2005 மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் முதல் பேருந்தில் திருப்போரூர் வழியாகப் போனோம். கண்ணாடிக் கட்டடத்தின் வாயிலில் காவலர் மறித்தார். "இன்னா பெருசு, யாரப் பாக்கணும்?"

"உள்ள ஒரு சேரப் பாக்கணும்பா. பாத்துட்டு வந்துடறேன்."

"சேரா? இன்னா அண்ணாத்த, காலங்காத்தால பேஜாரு பண்ற? கார்டு இல்லாம இங்க காக்காகூட உள்ள பூவாது."

பத்தாண்டுக்கு மேலாகத் தொழிற்சாலைகளுக்கும் அணுமின் குடியிருப்புக்கும் போய்வந்த மனிதர் அன்று ஒரு வாயிலைத் தாண்ட முடியாமல் எதிரிலிருந்த தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்தார். பணி முடிந்து கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். ஆணும் பெண்ணும் அத்தனை பேர் தோளிலும் பை. பாயின் முகம் மாறியது. "சார், பாத்தீங்களா? அத்தினி பேரும் மூட்டையோட வர்றான். ஒருத்தன்கூட உள்ள எதையும் வுட்டுட்டு வரல."

தேநீர் குடிக்க வந்த ஓர் இளைஞரை நிறுத்தினார். "உள்ள உனக்குன்னு ஒரு சேரு கீதா தம்பி?"

"இப்ப நான் எந்திரிச்சேன்ல சார், பகல் ஷிப்ட்டுக்காரன் உக்காந்துட்டான். சூடு ஆறியிருக்காது."

"உன் சாமான் எதுனா உள்ள வெச்சிருக்கியா?"

"வெக்கவே கூடாது சார். பேனாகூட உள்ள கொண்டுபோக வுட மாட்டாங்க. கஸ்டமர் விவரத்த எவனாவது எழுதிகினு வந்துட்டா?"

"பேனா இல்லாம ஒரு ஆபீசா!" பாய் என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து ஆண்டு பேனாவைப் பிடித்துச் சம்பாதித்தவன் நான். எனக்கும் அது விளங்கவில்லை.

அப்போது வாசுகி எங்களைப் பார்த்துவிட்டாள். வேனுக்குப் போகாமல் சாலையைக் கடந்து வந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். "பாத்தாச்சா மாமா? நான் பாசா, பெயிலா?"

"நீ பாஸும்மா. ஆபீசுதான் பெயிலு. ஒன்ன உக்காரவெச்ச சேர்லயே இன்னொருத்தன உக்காரவெக்கிறான். நாளைக்கு ஒன்ன வாணாம்னா, ஒரு டம்ளரகூட வெளில எடுத்துப் போட வேண்டியதில்ல அவனுக்கு."

"நானும் நாளைக்கு வேணாம்னு போறதுன்னா எதையும் எடுக்கத் திரும்பி வர வேண்டியதில்லயே. அப்பா ஒரே எடத்துல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தாரு. எனக்கு வேல கட்டடத்துல இல்ல மாமா, எங்கிட்டதான் இருக்கு."

அழகாகச் சொன்னாள். அழகாகச் சொல்லப்படும் எதையும் நான் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. அந்த நிறுவனமே வேலையில் சேர்க்கும்போது இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்திருக்குமோ என்றுதான் தோன்றியது. பாய் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே மறுவாரம் செய்யூர்ப் பக்கம் போய் மாப்பிள்ளையின் அலுவலகத்தையும் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "மேசைக்கு அடில செருப்பு கீது. டம்ளர் கீது. முருகர் படம், ஊதுவத்தி. சேர் மேல துண்டு, நல்லா வெளுத்த துண்டு. எல்லாம் கரீக்டா கீது சார். ஆளுதான் இல்ல."

"எங்காவது வெளியில் போயிருப்பார்."

"தினமும் அப்படித்தானாம். காலைல வருவாராம், துண்டப் போடுவாராம், பூடுவாராம். ஈசிஆர் ரோட்டுப் பக்கம் மனை வாங்கி வித்துகினு கீறாராம். ஒரு எடத்துல சாமான் இல்ல, ஆளு கீது. இன்னொரு எடத்துல சாமான் கீது, ஆளு இல்ல. இத்தினி வருஷமா நான் போட்ட கணக்கு ஒடஞ்சிபோச்சு சார்."

இதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. வாசுகிமீது அவருக்கு இருந்த பாசம் எனக்குத் தெரியும். அவளுடைய அலுவலகத்தைக் குறை சொல்ல வேண்டியிருந்ததால் சமன் செய்ய மாப்பிள்ளையைக் குறை சொல்கிறாரோ என்று சந்தேகித்தேன். ஆகவே 2005 மார்ச் 21, திங்கட்கிழமை, நானே பேருந்து பிடித்துப் போனேன். துண்டு இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர், "இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு" என்றார். மதியம் வரை பொதுமக்கள் பலகையில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வந்து இறங்கினார். கக்கத்தில் சுருட்டிய மனை வரைபடங்கள். புகைப்படத்தில் பார்த்த முகம். என்னை அவர் பார்த்ததில்லை.

"யாருக்காகக் காத்திருக்கீங்க சார்?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "ஒரு மனை பார்க்கலாமென்று..." என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "சரியான ஆள்கிட்ட வந்தீங்க சார். கடல் பார்த்தாப்லயா, உள்ளாரயா? இப்ப வாங்கிப் போட்டுடுங்க. இனிமே வேலைய நம்பி எவன் சார் பொழைக்க முடியும்? நெலம்தான் பியூச்சர்." தம் நாற்காலியிலிருந்த துண்டை எடுத்துத் தட்டி, என்னை அதில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

இதற்கிடையே பாய் கருங்குழிக்குப் போய்த் தம் முடிவைச் சொல்லியிருந்தார். நான் அங்கே இல்லை. அவரிடமும், பின்னாளில் ஒரு திருமணத்தில் சந்தித்த தலைமையாசிரியரிடமும் தனித்தனியே கேட்டு, ஒத்துப்பார்த்த பின்பே எழுதுகிறேன். பெண் நல்லவள், வேலை நிஜம், ஆனால் நிலையில்லை என்றிருக்கிறார் பாய். "அப்போ கல்யாணம் ஆனதும் விட்டுடச் சொல்லிடலாம். அதுவரைக்கும் சம்பளம் வரட்டும், நல்லதுதானே" என்றாராம் தலைமையாசிரியர். பாய் எழுந்துவிட்டாராம். "நெலையில்லாத வேலன்னுதான் சொன்னேன். வேணாத வேலன்னு சொல்லல. உங்க புள்ள வேலைக்கு நெலை கீது, அதுல அவருதான் இல்ல" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்து முடித்துத்தான் வந்திருக்கிறார்.

சம்பந்தம் நின்றது. நிறுத்தியது நான்தான், பாய் அல்லர். ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்கள் என்பதால் குறிப்பிடுகிறேன். "ஒரு துண்டுக்காக கவர்மெண்ட் மாப்பிள்ளைய விட்ட மனுஷன்" என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவதுண்டு. வாசுகிக்கு 2007 ஜூனில், அவளைப் போலவே தோளில் பையுடன் வேலைக்குப் போகிற ஒருவரோடு திருமணம் ஆயிற்று. எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார்கள்.

2009 பிப்ரவரியில் அவளுடைய நிறுவனம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. வேலை வேறொரு நாட்டுக்குப் போய்விட்டதாம். "பாய் அன்னிக்கே சொன்னாரு" என்று தெருவே சொன்னது. சிலர் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். பாய் நான்கு நாள் கழித்து வந்தார். வாசுகி, "சொல்லுங்க மாமா, நான் சொன்னேனேன்னு சொல்லுங்க" என்றாள்.

"அதச் சொல்றதுக்கு ஊரே கீது, நான் வேறயா? அந்த செய்யூர்க்காரன் சேரு இன்னும் அங்கதான் கீது. அதனால அது நல்ல வேலன்னு ஆயிடுமா? நீ அடுத்து இன்னா பண்ணப் போற, அதச் சொல்லு."

அவள் மே மாதம் வேறொரு நிறுவனத்தில் இடம் பிடித்தாள். சேர்வதற்கு முன் அவர்கள் ஆளனுப்பி விசாரிப்பார்கள் என்றாள். அதற்கென்றே தனி நிறுவனங்கள் வந்துவிட்டனவாம். ஜூலையில் ஒரு நண்பகல், வெயிலில் வியர்த்து வழிய, கழுத்தில் அட்டையோடு ஒரு பையன் வந்தான். வீட்டைப் படமெடுத்தான். அக்கம்பக்கத்தில் அவளை அறிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றான். நான் அவனை ஜப்பார் பாயிடம் அழைத்துப் போனேன். பாய் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவனைத்தான் முதலில் விசாரித்தார்.

"இந்த வேலை ஒனக்கு நெலையா தம்பி?"

"ஒரு வூட்டுக்கு இவ்ளோன்னு குடுப்பாங்க சார். வூடு இல்லாத நாள் ஒண்ணும் இல்ல."

"ஒன்ன யாரு விசாரிச்சாங்க?"

பையன் விழித்தான். "என்னய யாரும் விசாரிக்கல சார்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து ஓய்ந்ததும், "சரி, கேளு" என்றார்.

"இவங்கள நம்பி வேல குடுக்கலாமா?"

"இப்படி எழுதிக்கோ. வேலைய நான் நம்பல. எந்த வேலையும் நம்பல. அவள நம்பறேன்."

"அவ்ளோ எழுத எடம் இல்ல சார். ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பாய் என்னைப் பார்க்கவில்லை. நான் அறிந்தவரையில், இத்தனை ஆண்டுகளில் ஒருவர் வேலையைப் பற்றி அவர் 'ஆனால்' சேர்க்காமல் பேசியதே கிடையாது. பையன் முகத்தைப் பார்த்து, "ஆம்னு போடு" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் வாசுகி இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். பாய் அதை மனமறிந்து சொன்னாரா, வெயிலில் வந்த பையனை விரைவில் அனுப்பிவைக்கச் சொன்னாரா, அல்லது சாமானும் துண்டும் பொய்த்துப்போன பிறகு விசாரிப்பதிலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டதா என்று எனக்கு இன்றும் சந்தேகம் இருக்கிறது. நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். டிசம்பர் வந்துவிட்டது.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த 'ஆம்' ஒன்றைத்தான். அதை விசாரிக்க இனி எனக்கு வழியில்லை. விசாரிக்காமலே வைத்துக்கொள்கிறேன்.